ஞாயிற்றுக்கிழமை அழுகையும் பண்டாரவளை ராட்டினமும்

1957ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஐந்து மாதக் கைக்குழந்தையைப் பண்டாரவளைக் கார்னிவலுக்குக் கொண்டுபோகலாமா கூடாதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. அந்த ஆண்டு நாட்டில் நடந்த பெரிய விஷயங்களைப் பலர் எழுதிவிட்டார்கள். இதை எழுத வேறு ஆள் இல்லை.

நான் அப்போது பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில், தேயிலைத் தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் உதவி டீமேக்கர். கல்யாணம் 1953 தை மாதம். முதல் குழந்தை அடுத்த ஆண்டுக் கடைசியில் பிறந்து, மூன்றாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டது. இரண்டாவது பெண். 1956 ஒக்டோபரில் பிறந்தாள். அந்தப் பிரசவமும் வீட்டிலேயே நடந்தது. மூத்ததைப் பறிகொடுத்த பிறகு என் மனைவி தோட்டத்து எல்லையைத் தாண்டியதில்லை. கோயில், தண்ணீர் பிடிக்கும் பீலி, டிஸ்பென்சரி, வீடு. பசறைச் சந்தைக்குக் கூப்பிட்டாலும் ஊறவைத்த அரிசி இருக்கிறது என்பாள். யாரும் அவளைத் தடுத்ததில்லை. நானும் வற்புறுத்தியதில்லை.

எங்களுக்குக் கொடுத்திருந்த வீடு ஃபேக்டரிக்குப் பின்னால், மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தாண்டி முதல் வீடு. வேலைக்குப் போக எனக்கு வசதி. கூப்பிட்டால் ஓடிவிடலாம் என்பதால் பெரிய டீமேக்கருக்கும் வசதி.

கார்னிவல் செய்தியைக் கொண்டுவந்தவர் மனைவியின் அண்ணன். பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலை. கடை விஷயமாகப் பசறைக்கு வந்தவர், அப்படியே மேலே ஏறி எங்களைப் பார்க்க வந்தார். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி, ராட்டினம் வந்திருக்கு. பெரிய ராட்டினம். இந்தத் தடவ மழையும் இல்ல."

அது பழைய கணக்கு. மனைவிக்குப் பதினான்கு வயதில் அவர் அவளைப் பதுளைக்கு ஒரு கார்னிவல் பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறார். ராட்டினப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தாயிற்று. சுற்றத் தொடங்குமுன் மழை கொட்டி எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். மறுநாள் கார்னிவல் ஊரைவிட்டுப் போய்விட்டது. அதைச் சொல்லிக் கேலி செய்யாமல் அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தேநீர் குடித்ததில்லை.

"ராட்டினத்துல ஏறிட்டு, ஏறுன எடத்துலயே எறங்குன ஆளு ஒலகத்துலயே எந்தங்கச்சி ஒருத்திதான் மச்சான்."

"மழ விழுந்ததும் மொதல்ல எறங்கி ஓடுனது யாருண்ணே?" என்றாள் மனைவி. "என்னையத் தனியா விட்டுட்டு முறுக்குக்காரன் குடைக்குள்ள போயி நின்னது யாரு?"

"அது ஒனக்கு முறுக்கு வாங்கத்தான் போனேன்."

"முறுக்கு எங்க?"

அவள் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. அவர் எழுந்து புறப்படும்போது, "சரிண்ணே, வாரோம். பாப்பாவையும் தூக்கிக்கிட்டுத்தான் வருவேன். விட்டுட்டு வரமாட்டேன்" என்றாள். கேட்ட எனக்கு நம்ப முடியவில்லை. அவள் தானாகவே எல்லையைத் தாண்ட ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. பயணம் நல்லபடி முடிந்தால் சரி. குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தாலும் அவள் இனி எந்தக் காலத்திலும் வெளியே கால் வைக்கமாட்டாள். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

விஷயம் அதற்குள் பரவி, அடுத்த நாளே டிஸ்பென்சரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் அவரை டொக்டர் ஐயா என்றே சொல்வோம். மூத்த குழந்தையின் கடைசி நாட்களில் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர். ஆகவே அவர் பேச்சுக்கு எங்களிடம் மதிப்பு அதிகம்.

"தம்பி, நீர் நாலு புத்தகம் படிச்ச மனுசன். அஞ்சு மாசப் பிள்ளையை அந்தச் சத்தத்துக்குள்ள கொண்டுபோகப் போறீரோ?"

"தூரத்தப் பத்தித்தாங்க யோசிக்கிறேன். பஸ்ஸு, அப்புறம் ரயிலு."

"தூரம் ஒண்டும் செய்யாது. சத்தம்தான் கூடாது. பிள்ளை வெருண்டு போகும். வெருண்ட பிள்ளை பால் குடியாது. பால் குடியாட்டிக் காய்ச்சல் வரும். பிறகு என்னட்டைத்தான் ஓடி வருவீர்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த மாதம் குழந்தை வளர்ப்பைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை இரவல் வாங்கி வைத்திருந்தேன். குழந்தை தூங்கும் இடம் அமைதியாக இருக்கவேண்டும் என்று அதிலும் இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியைத் தமிழில் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். உரக்கப் படித்தால்தான் எங்கள் வீட்டில் காதில் விழும். அவள் அடுப்படியிலிருந்து, "என்னது?" என்றாள். இன்னும் உரக்கப் படித்தேன். தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு யோசனையும் இருந்தது. எங்கள் குழந்தை சாதுவானது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அழத் தொடங்கும். திங்கள் முழுக்கச் சிணுங்கும். செவ்வாய் விடிந்தால் சரியாகிவிடும். நாள் கிழமை விடாமல் மனதில் வைத்திருப்பது என் பழக்கம். இது தவறாமல் நடப்பதை நான்தான் முதலில் சொன்னேன். காரணத்தை மனைவி சொன்னாள். தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் ஆட்கள் வீடு வீடாகப் போவார்கள். எங்கள் வீட்டுக்கும் வருவார்கள். குழந்தையைப் பார்ப்பார்கள், கொழுகொழுவென்று இருக்கிறது என்பார்கள். கண்ணூறு. ஆகவே திங்கள் பொழுது சாயும்போது உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். மறுநாள் காலை குழந்தை சிரிக்கும். டொக்டர் ஐயாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி தின்கிற தாயின் பால் பிள்ளைக்கு வாய்வு என்றார். வயிற்று மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். திங்கள் இரவு அதையும் கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை அதுவும் கேட்டது. இரண்டு மருத்துவமும் ஒரே நாளில் பலித்ததால், எது பலித்தது என்று எங்களுக்குள் தீராத வழக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிக் கண்ணுக்கே இந்தப் பாடு என்றால், கார்னிவல் கூட்டத்தின் கண்ணுக்கு என்ன ஆகும்? அதுதான் அவளுடைய பயம். என்னுடையது சத்தம்.

"அங்க போயி அழுதுச்சுன்னா அன்னைக்கே திரும்பிடணும்" என்றாள். "அண்ணன் கெஞ்சுவாரு. நீங்க அவரு பக்கம் சேரக்கூடாது."

சேரமாட்டேன் என்றேன். ஏப்ரலில் கொழுந்து குவியத் தொடங்கிவிடும். அதற்கு முன் என்றால் போகலாம் என்று பெரிய டீமேக்கர் வியாழன் முதல் ஞாயிறு வரை விடுமுறை கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை புறப்பட்டோம். குழந்தைக்குக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு, உள்ளங்காலில் ஒன்று, கையில் கருமணி. பசறையிலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையின் வளைவுகளில் பஸ்ஸில் இருந்த பெரியவர்கள் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். குழந்தை தூங்கியது. பதுளையில் ரயில் ஏறினோம். தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு அடியில் போகும் இடத்தை மனைவிக்குக் காட்டி, அது எப்படிக் கட்டப்பட்டது என்று விளக்கினேன். அவள் குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் ஓடும்போதெல்லாம் தூங்கிய குழந்தை, ஸ்டேஷன்களில் நின்றபோது மட்டும் கண் திறந்து உதட்டைப் பிதுக்கியது. எதிரில் இருந்த ஒரு அம்மாள், "நல்ல புள்ள" என்றாள். மனைவி உடனே சேலைத் தலைப்பால் மூடிவிட்டாள்.

மச்சான் வீடு பண்டாரவளைக் கடைத்தெருவிலிருந்து விலகி, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு சரிவில் இருந்தது. அவருடைய மனைவிக்கு, என் மனைவியின் அண்ணிக்கு, குழந்தை இல்லை. ஐந்து மாதக் குழந்தை வருகிறது என்று வீட்டையே கோயில் போல வைத்திருந்தாள். கோழிகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. சுவர்க் கடிகாரத்தை நிறுத்தியாயிற்று. அடுத்த வீட்டில் அன்று மா இடிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாயிற்று.

நான் வாசலில் செருப்பைக் கழற்றி, "சௌக்கியமா இருக்கீங்களா?" என்றேன்.

அவள் பதறி உதட்டில் விரல் வைத்தாள். "ஏண்ணே இப்பிடிக் கத்துறீங்க? நான் பக்கத்துலதான நிக்கிறேன்."

"நான் எங்க கத்துனேன்?"

"இந்தா, இப்பக் கத்துறீங்க."

மனைவி பேசியதும் அவளையும் அண்ணி அடக்கினாள். இரண்டு பேரும் சண்டைக்காரர்கள் மாதிரிப் பேசுகிறீர்கள் என்றாள். ஃபேக்டரிக்காரர்கள் அப்படித்தான் என்று மச்சான் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் சொன்னதை யாரும் அதற்குமேல் நினைத்துப் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் குழந்தை அழத் தொடங்கியது.

"இன்னைக்கு வியாழக்கிழமைதானே?" என்றாள் மனைவி.

"வியாழன்தான்."

"அப்ப ஏன் அழுவுது?"

உப்பு மிளகாய் சுற்றினார்கள். வயிற்று மருந்து கொடுத்தோம். பாலை இரண்டு வாய் குடித்துவிட்டுத் துப்பியது. அண்ணி இன்னும் அமைதி வேண்டும் என்று நினைத்து, ஜன்னல்களை அடைத்து, எங்களைக் கால் நுனியில் நடக்கச் சொன்னாள். வீடு எவ்வளவுக்கு அடங்கியதோ அவ்வளவுக்குக் குழந்தையின் குரல் ஏறியது. அந்த இரவும் வெள்ளி இரவும் அப்படியே போயின. காய்ச்சல் இல்லை. மனைவி நிமிடத்துக்கு ஒரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். எங்கள் பேச்சு நினைவிருந்ததால் நான் மச்சான் பக்கம் சேரவில்லை.

"நான் வந்திருக்கக் கூடாது" என்றாள் என்னிடம், மெதுவாக. இரண்டு நாளில் அவளும் மெதுவாகப் பேசப் பழகியிருந்தாள். "மூத்தத விட்டது போதாதுன்னு இதையும் தூக்கிக்கிட்டு ஊர் சுத்த வந்தேன். இனிமே வீடுதான்."

மச்சான் அன்று கேலி செய்யவில்லை. "இன்னைக்கு ரயில்ல எடம் இருக்காது, சனிக்கிழம. நாளைக்குக் காலையில நானே ஏத்தி விடுறேன். சாயங்காலம் கார்னிவல் கேட்டு வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுத் திரும்பிடு. ஏறவேணாம். அழுதா அழுவட்டும், இங்க இருந்தாலும் அழுவுதுதான?"

மனைவி பெட்டியை மூடி ஓரமாக வைத்தாள். அண்ணி, குழந்தையைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தாள். மனைவி கொடுக்கவில்லை. ஆகவே எல்லாரும் போனோம்.

பொழுது இருட்டும் நேரம். மைதானத்தில் விளக்கு போட்டுவிட்டார்கள். பஞ்சு மிட்டாய், வளையம் எறிதல், கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள், ஒலிபெருக்கியில் மூன்று மொழியிலும் அறிவிப்பு. ஓரத்தில் ராட்டினம். அதன் அடியில் தகரக் கொட்டகைக்குள் அதைச் சுற்றும் ஆயில் என்ஜின். தெரு முழுக்க அழுதுகொண்டு வந்த குழந்தை, நாங்கள் உள்ளே நடக்க நடக்கக் குரல் தாழ்ந்து, ராட்டினத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரேயடியாக நின்றுவிட்டது.

அண்ணி சேலைத் தலைப்பை விலக்கிப் பார்த்தாள். பார்த்ததும் அலறினாள்.

"ஐயோ, புள்ள பேச்சு மூச்சில்லாமக் கெடக்கு!"

தலை சாய்ந்து, வாய் திறந்து, கை தொங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மச்சான் குழந்தையைப் பறித்துக்கொண்டு வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்துக்கு, கேட் பக்கம் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். கேட்டை அடைவதற்குள் குழந்தை கண்ணைத் திறந்து, முன்னிலும் பலமாகக் கத்தியது.

"உசிரு இருக்கு!" என்று மச்சான் கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

"தூங்கியிருக்குண்ணே" என்றாள் மனைவி. குழந்தையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "எழுப்பி விட்டுட்டீங்க."

திரும்ப உள்ளே கொண்டுபோனோம். என்ஜின் கொட்டகைக்குப் பக்கத்தில் மறுபடி தூங்கியது. நம்பாமல் இன்னொரு தரம் கேட் வரை போனோம். அழுதது. மூன்றாம் முறை என்ஜின்காரர் எங்களைக் கவனித்துவிட்டார்.

"என்னங்க, புள்ளைக்கு வேடிக்க காட்டுறீங்களா? ஒரு எடத்துல நில்லுங்க. ரொம்பக் கிட்ட வேணாம், சூடு அடிக்கும்."

கொட்டகைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பலகை கிடந்தது. குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்தேன். பலகை அதிர்ந்தது. நான் மனைவியைப் பார்த்து, "நீ போய் ஏறு" என்றேன்.

"அழுதுச்சுன்னா?"

"அழுதா எழுந்திருச்சுக் கை காட்டுறேன்."

"மேலருந்து எப்பிடி எறங்குறது?"

"ஏறுன எடத்துலயே எறங்குறதுக்குப் பழகுன ஆளு நீதான" என்றேன். மச்சான், "அதான, அப்பிடிச் சொல்லுங்க" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துப் போனார். அண்ணி பயந்து ஏறவில்லை. என் பக்கத்தில் நின்று குழந்தையின் மூக்குக்கு எதிரே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

ராட்டினம் சுற்றியது. அவள் பெட்டி கீழே வரும்போதெல்லாம் அவள் என்னைப் பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்தாள். நாலாவது ஐந்தாவது சுற்றில்தான் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தபடி போனாள். மச்சான் பெட்டியின் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்ததும் அவள் முதலில் குழந்தையைப் பார்த்தாள். அது தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னாள்:

"மேல போனா சத்தமே இல்லைங்க. அண்ணன் வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கு. கீழ வந்தாத்தான் நம்ம வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கு."

எனக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது. நாங்கள் குடியிருந்தது கொழுந்தை உருட்டி அரைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில். சனிக்கிழமைக் கொழுந்தை அரைத்து முடித்து ஞாயிறு மதியம் ஃபேக்டரியை நிறுத்துவோம். திங்கள் பறித்த கொழுந்து இரவெல்லாம் மாடியில் வாடிக் கிடக்கும். செவ்வாய் விடியுமுன்தான் இயந்திரங்கள் மறுபடி ஓடும். அவற்றை நிறுத்துவதும் ஓட்டுவதும் என் வேலை. ஓர் உருளை சற்றுத் தடம் மாறினாலும் தூக்கத்தில் எழுந்துவிடுவேன். இருந்தும் அதைச் சத்தம் என்று நான் நினைத்ததில்லை. எங்கள் வீடு அமைதியான வீடு என்றே அந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்தேன்.

இதை அங்கேயே சொன்னேன். "அப்ப கண்ணூறு இல்லியா?" என்றாள் மனைவி. சற்று ஏமாற்றம் இருந்தது போலத் தோன்றியது. பிறகு, "இன்னொரு தடவ ஏறிட்டு வரட்டுமா?" என்றாள். ஏறினாள். இந்த முறை மச்சான் வயிறு சரியில்லை என்று கீழே நின்றுவிட்டார். அவள் தனியாகப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பினோம். பஸ்ஸிலும் ரயிலிலும் தூங்கிய குழந்தை, வீட்டு வாசலில் அழத் தொடங்கியது. ஃபேக்டரி நின்றிருந்தது. மனைவி தொட்டிலைக் கால்மிதித் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, துணி இல்லாமல், ஊசியைக் கழற்றிவிட்டு மிதித்தாள். ஃபேக்டரி அளவுக்கு இல்லை; ஆனாலும் போதுமானதாக இருந்தது. அது முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் நானும் மாறி மாறி மிதித்தோம். வீட்டுக்கு வந்தவர்கள், டீமேக்கர் ஐயா என்ன தைக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

டொக்டர் ஐயாவிடம் போய்ச் சொன்னோம். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நான் தந்த மருந்து?" என்றார்.

"அதுவும் நல்லாக் கேட்டுச்சுங்க" என்றாள் மனைவி. "செவ்வாக்கெழம எதக் குடுத்தாலும் கேக்கும்."

அவர் கோபிக்கவில்லை. ஆனால் ஆட்டிறைச்சியைக் குறைத்துக்கொள்ளும்படி மறுபடியும் சொன்னார். மனைவியும் உப்பு மிளகாய் சுற்றுவதை முழுக்க விட்டுவிடவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் செய்தாள்.

அந்த ஆண்டு ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் போகவேண்டும் என்று அவளே சொன்னாள். போனோம். கூட்டமும் மேளமும் இருந்த இடத்தில் குழந்தை தூங்கியது. காட்டுப் பாதையில் பஸ் பழுதாகி நின்றபோது அழுதது. 1958இலும் அடுத்த ஆண்டும் பதுளைக்குப் பலமுறை போய்வந்தாள். சில தடவை நான் இல்லாமலும் போனாள்.

1959 கடைசியில் பதுளைக்கு ஒரு கார்னிவல் வந்தது. ஃபேக்டரிச் சத்தம் எட்டாத மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த கங்காணியின் மருமகள் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, கொண்டுபோகலாமா அக்கா என்று கேட்டாள். ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழந்தை எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. மனைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எம்புள்ளையா இருந்தாக் கொண்டு போவேன்" என்றாள் உரக்க. "ஒம்புள்ளைய ஒங்க மாமியாருகிட்ட விட்டுட்டு நீ மட்டும் போயிட்டு வா. ராட்டினத்துல ஏறாம வராத."